பதர் சொல்லும் சேதி: ஹெபடைடிஸ் பி வைரஸின் காலிக் கூடுகள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் குருவிநத்தம். பாகூர் கொம்யூன், தென்பெண்ணைக் கரையோரம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். மாட்டுப் பொங்கல் அன்று மதியம், சித்தப்பா பையன் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். உள்ளே இரண்டு லேப் ரிப்போர்ட்.

"ணா, நீதான் இந்த மாதிரி விஷயமெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறியே. இது ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு."

முதல் தாளில், ஹெச்பிவி டிஎன்ஏ: கண்டறியப்படவில்லை. இரண்டாவது தாளில், ஹெச்பிஎஸ்ஏஜி: ரியாக்டிவ். இரண்டும் ஒரே மாதத்தில் எடுத்தவை. ஒன்று ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தில் அகப்படவில்லை என்கிறது, மற்றொன்று இருக்கிறது என்கிறது.

கதை பழசு. அவன் ஐடிஐ ஃபிட்டர். நாலு வருஷம் முன்னாடி வளைகுடா வேலைக்கு எல்லாம் கூடி வந்த நேரத்தில், மெடிக்கலில் இந்த ரியாக்டிவ் வந்து வேலை போச்சு. உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஊரில் எல்லாரும் சொன்னபடி வரப்பில் கீழாநெல்லி பறித்து அரைத்து, மோரில் கலந்து ஒரு மண்டலம் குடித்தான். மறுபடி டெஸ்ட், மறுபடி ரியாக்டிவ். அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனதில் ஈரலில் பாதிப்பு தொடங்கியிருப்பது தெரிந்து, தினம் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் விடாமல் சாப்பிட்டதில் டிஎன்ஏ டெஸ்டில் வைரஸ் காணாமல் போய்விட்டது. சந்தோஷமாக மறுபடி வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணினான். மறுபடி அதே ரியாக்டிவ், மறுபடி ரிஜெக்ட்.

"வைரஸே இல்லன்னு ஒருத்தன் எழுதித் தர்றான். இருக்குன்னு இன்னொருத்தன் தள்ளி விடறான். இல்லன்னா அப்புறம் எதுக்கு மாத்திரை? நிறுத்திட்டு கீழாநெல்லியே சாப்பிடலாம்னு இருக்கேன்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் படித்தது பி.இ., பிழைப்பது கோடு எழுதி. டாக்டர் இல்லை. அதனால் "நிறுத்தாதே, முதலில் டாக்டரிடம் கேள். நானும் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமான பதில் இதுதான்: இரண்டு ரிப்போர்ட்டும் உண்மைதான் சொல்கின்றன. ஒன்று நெல்லை எண்ணுகிறது. மற்றொன்று பதரை எண்ணுகிறது.

வைரஸ் குட்டி போடுவதில்லை

பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டு நாலாகும். வைரஸ் அப்படிப் பெருகுவதில்லை. நம் செல்லுக்குள் நுழைந்ததும் அது தன்னையே பிரித்துப் போட்டுவிடுகிறது. அதன் மரபணு செல்லின் இயந்திரங்களைப் பிடித்து, உதிரி பாகங்களைத் தனித்தனியாகச் செய்ய வைக்கிறது. ஒரு பக்கம் மரபணுவின் நகல்கள் குவிகின்றன, இன்னொரு பக்கம் உறைக்கான புரதங்கள். பிறகு இவை ஒன்றோடொன்று சேர்ந்து புது வைரஸ்கள் ஆகின்றன.

இப்படி அசெம்பிளி செய்யும் எந்தப் பட்டறையிலும் நடப்பது இங்கேயும் நடக்கும். சில பெட்டிகள் உள்ளே சரக்கில்லாமலே ஒட்டப்பட்டுப் போகும். சிலவற்றில் பாதிச் சரக்குதான் இருக்கும். இன்னும் சிலவற்றில் சரக்கு முழுசாக இருந்தாலும் நகலெடுத்த இடத்தில் ஒரு எழுத்து பிசகி, ஓடாத புரோகிராம் ஆகியிருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் வைரஸ் மாதிரிதான். அடுத்த செல்லுக்குள் போய்த் தானாகப் பெருக முடிவது கொஞ்சம் பேருக்குத்தான்.

எவ்வளவு கொஞ்சம்? போலியோ வைரஸில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் தெரியும் சில பத்து முதல் ஆயிரம் துகள்களுக்கு ஒன்றுதான் தொற்றை உண்டாக்குகிறது என்று கணக்கு. சின்னம்மை வைரஸில் இந்த விகிதம் பல்லாயிரத்துக்கு ஒன்று என்று போகும். இந்த எண்களை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு மோசமான உற்பத்தித் தரத்தோடு எந்தக் கம்பெனி பிழைக்கும்? வைரஸ் பிழைக்கிறது, ஏனென்றால் மூலப்பொருள், மின்சாரம், கூலி எல்லாம் நம் செல்லின் செலவு.

பாகூர் பக்கத்தில் நெல் வயலோடு வளர்ந்தவர்களுக்கு இதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. களத்தில் தூற்றும்போது பறக்கிற பதர் இருக்கிறதே, வெளியே உமி அப்படியே நெல் மாதிரி, உள்ளே அரிசி கிடையாது. விதைத்தால் முளைக்காது. வைரஸின் பதர்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

திருட்டு நகல்கள்

பதரிலும் வகை உண்டு. ஒரு வகை சும்மா கிடக்காது, நெல்லையே கெடுக்கும்.

1940களின் கடைசியிலும் 50களிலும் டென்மார்க்கைச் சேர்ந்த வான் மாக்னஸ் என்ற ஆய்வாளர் இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு முட்டையில் வளர்ந்ததை எடுத்து அடுத்த முட்டையில், அதிலிருந்து அடுத்ததில். நீர்க்காமல் கெட்டியாக, ஏராளமான வைரஸைச் செலுத்திக்கொண்டே போனால், சில சுற்றுகளிலேயே தொற்றும் திறன் மளமளவென்று விழுந்தது. ஆனால் ரத்த அணுக்களை ஒட்ட வைக்கும் சோதனையில் துகள்கள் நிறையவே இருப்பதாகத் தெரிந்தது. துகள் இருக்கிறது, தொற்று இல்லை. அவற்றை 'முழுமையடையாத வைரஸ்' என்றார். நன்றாக நீர்த்துச் செலுத்தினால் இந்தச் சிக்கல் வரவில்லை.

இதன் விளக்கம் பிறகு வந்தது. மரபணுவை நகலெடுக்கும்போது சில சமயம் நடுவில் ஒரு பெரிய துண்டு விட்டுப்போகிறது. மிஞ்சுவது ஒரு குட்டி மரபணு. அதற்குத் தன் புரதங்களைத் தானே செய்ய வழியில்லை, அதனால் தனியாக ஒன்றும் பண்ண முடியாது. ஆனால் அதே செல்லில் முழு வைரஸ் ஒன்றும் நுழைந்திருந்தால் அதன் புரதங்களைத் திருடிக்கொள்ளும். நீளம் குறைவு என்பதால் நகல் சீக்கிரம் முடிகிறது. முழு வைரஸ் ஒரு பிரதி எடுப்பதற்குள் இது பல பிரதி எடுத்துவிடும், உறைகளையும் பிடித்துக்கொள்ளும். கெட்டியாகச் செலுத்தும்போது ஒரு செல்லில் பல துகள்கள் விழுவதால், திருடனுக்கு எப்போதும் ஒரு வீடு கிடைக்கிறது. நீர்த்தால் கிடைப்பதில்லை.

1970இல் ஆலிஸ் ஹுவாங், டேவிட் பால்டிமோர் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் இவற்றைக் குறைபாடுள்ள, குறுக்கிடும் துகள்கள் என்று பெயரிட்டு, நோயின் போக்கையே இவை மாற்றக்கூடும் என்றார்கள். அவர்கள் சொன்னது ஆய்வகக் குடுவையோடு நிற்கவில்லை. 2006இல் சயன்ஸ் இதழில் ஜான் ஆஸ்கோவ் குழு மியான்மரின் டெங்கு பற்றி எழுதியதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உறைப் புரதத்தின் நடுவில் 'நிறுத்து' என்ற குறி விழுந்துவிட்ட, தனியாக உருப்பட முடியாத ஒரு டெங்கு வைரஸ் வம்சம், மனிதர்களிலும் கொசுக்களிலும் குறைந்தது 18 மாதம் சுற்றி வந்திருக்கிறது. நல்ல வைரஸின் தோளில் ஏறி, கொசுவுக்குள்ளும் வெளியேயும் ஒன்றாகவே பயணம் செய்திருக்கிறது. கழிவு என்று நினைத்தது ஒரு கூட்டமாக வாழ்ந்திருக்கிறது.

இப்போது இந்தத் திருட்டு நகல்களையே மருந்தாகச் செய்யலாமா என்று சில ஆய்வகங்கள் முயல்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நம் திண்ணைக் கேள்விக்கு வருவோம்.

ஒன்றுக்கு ஒரு லட்சம்

மற்ற வைரஸ்களில் பதர் ஒரு விபத்து. ஹெபடைடிஸ் பி வைரஸில் அது கொள்கை.

முழு வைரஸ் 42 நானோமீட்டர் அகலம். உள்ளே சுமார் 3,200 எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வளையம். மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் இவ்வளவு சின்ன மரபணு அபூர்வம். ஒரே வரியை நாலு விதமாகப் படிப்பது போல, மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கோடு எழுதுகிறவனாக இந்தச் சிக்கனத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது.

இவ்வளவு கஞ்சத்தனமான வைரஸ் ஒரே ஒரு விஷயத்தில் தாம்தூம் என்று செலவழிக்கிறது. அதன் மேலுறைப் புரதம், அதாவது ரிப்போர்ட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி என்று இருக்கிறதே அதுதான், உள்ளே ஒன்றும் இல்லாமலே தானாகக் கூடி உருண்டையாகும் குணமுள்ளது. செல்லின் கொழுப்புச் சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு 22 நானோமீட்டர் உருண்டைகளாகவும், அதே அகலத்தில் நீளக் கம்பிகளாகவும் ரத்தத்தில் கொட்டுகிறது. டிஎன்ஏ கிடையாது, உள்கூடு கிடையாது. யாருக்கும் தொற்றாது. ஒரு முழு வைரஸுக்கு இப்படிப்பட்ட காலிக் கூடுகள் ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம்.

எதற்கு இந்த வீண் செலவு? பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது, இது நம் எதிர்ப்பு சக்திக்கு விரிக்கும் மாயவலை. எதிரணுக்கள் மேலுறையைப் பார்த்துத்தான் வைரஸைப் பிடிக்கின்றன. லட்சம் காலிக் கூடுகளில் போய் அவை ஒட்டிக்கொண்டால், நடுவில் இருக்கும் ஒரே ஒரு நிஜ வைரஸ் தப்பிவிடுகிறது. வருஷக்கணக்கில் இந்தப் புரதத்திலேயே மூழ்கிக் கிடந்தால் அதைத் தாக்க வேண்டிய அணுக்களும் சோர்ந்து, 'இது நம்ம ஆள்தான் போல' என்று விட்டுவிடுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒரு திருடன், தன்னைப் போலவே சட்டை போட்ட லட்சம் பேரை அழைத்து வந்த மாதிரி.

பதரில் தொடங்கிய நோபல் பரிசு

சுவாரசியம் என்னவென்றால், உலகம் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே பதர் வழியாகத்தான்.

பரூக் பிளம்பர்க் வைரஸைத் தேடவே இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் அடுத்தவர் புரதங்களுக்கு எதிரணுக்கள் இருக்குமே, அதை வைத்து வேறுபாடுகளைப் பிடிக்கலாம் என்பது அவர் யோசனை. 1963இல் அமெரிக்காவின் ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் ரத்தத்தில் இருந்த எதிரணு, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தோடு சேர்ந்து அகர் ஜெல்லில் ஒரு வெள்ளைக் கோடு போட்டது. அந்தப் பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்து 1965இல் கட்டுரை வெளியிட்டார்கள். அது எந்த நோயோடு சம்பந்தப்பட்டது என்று அப்போது தெரியாது. 1967இல் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போக, தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தார். அந்தக் கோடு தெரிந்தது, பிறகு மஞ்சள் காமாலையும் வந்தது. இப்படித்தான் முடிச்சு அவிழ்ந்தது.

1968இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உருண்டைகள் தெரிந்தன. ஆனால் உள்ளே மரபணு இல்லை. மரபணு இல்லாத வைரஸா? 1970இல் லண்டனில் டேவிட் டேன் குழு அந்த உருண்டைக் கூட்டத்துக்கு நடுவே எப்போதாவது தென்படும் 42 நானோமீட்டர் பெரிய துகளைக் கண்டுபிடித்தது. அதுதான் நிஜ வைரஸ். அதற்கு இன்றும் டேன் துகள் என்றுதான் பெயர். அதுவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது பதரை. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதியைத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள்.

பதர் இவ்வளவு அதிகமாக இருப்பது ரத்தப் பரிசோதனைக்கு வசதியும்கூட. வைரஸைத் தேடுவதைவிட அதன் லட்சம் காலிக் கூடுகளைத் தேடுவது சுலபம், மலிவு. ரத்த வங்கியில் ஒவ்வொரு பையையும் ஹெச்பிஎஸ்ஏஜிக்குச் சோதிக்கிறார்கள். வளைகுடா மெடிக்கலிலும் அதுதான். அந்த டெஸ்ட் பதரைத்தான் பார்க்கிறது. நெல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கீழாநெல்லி கதை

கீழாநெல்லி என்றதும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தச் செடிக்கும் பிளம்பர்க்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதுவும் நம் சென்னை வழியாக.

1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும், இந்தச் செடி இனத்தின் சாறு வைரஸின் டிஎன்ஏ நகலெடுக்கும் நொதியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்றும், இதே மாதிரி வைரஸ் தொற்றிய மர்மோட் வகை விலங்குகளில் பலன் தெரிகிறது என்றும் எழுதினார்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பிளம்பர்க்கும் சேர்ந்து, லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, ஹெச்பிஎஸ்ஏஜி காணாமல் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி ஆனது.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் ஹெச்பிஎஸ்ஏஜி தானாக மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். இன்றைய மாத்திரைகளாலும் அது மறைவது அபூர்வம். ஒரு மாதத்தில் 59 சதவீதம் என்றால் அது உலகத்தையே புரட்டிப் போட்டிருக்க வேண்டிய செய்தி. அதனால்தான் பல நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்திலிருந்து வந்த முடிவில் அந்தப் பலன் தெரியவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2011ஆம் வருஷத்து காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி நல்லது என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடித்தது.

சென்னையில் செய்தவர்கள் தகுதியான ஆய்வாளர்கள். வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, லான்செட்டில் போட்டு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று வைத்தார்கள். சரிபார்த்தபோது நிற்கவில்லை. அறிவியலில் இது அவமானம் இல்லை, இதுதான் நடைமுறை.

அப்படியானால் ஊரில் எத்தனையோ பேருக்கு கீழாநெல்லி சாப்பிட்டுக் காமாலை குணமானதே? ஆமாம், குணமானது. ஊரில் வரும் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள். பெரும்பாலும் சில வாரங்களில் அவை தானாகவே போய்விடும், எதைக் குடித்தாலும், குடிக்காவிட்டாலும். (கர்ப்பிணிகளுக்கு இ வகை ஆபத்தானது, அதில் விளையாடக் கூடாது.) பெயர் கீழாநெல்லிக்குக் கிடைத்துவிட்டது. நாள்பட்ட பி வகை அப்படிப் போகாது. கண் மஞ்சளாகாமல், வலிக்காமல், வருஷக்கணக்கில் ஈரலைச் சுருக்கிக்கொண்டிருக்கும். என் தம்பிக்கு வந்தது இந்த வகை.

இரண்டு ரிப்போர்ட்டும் ஏன் உண்மை?

இப்போது கேள்விக்கு நேராக வரலாம்.

இந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழைந்ததும் தன் டிஎன்ஏவை ஒரு மூடிய வளையமாக்கி, செல்லின் கருவுக்குள் வைத்துவிடுகிறது. அதுதான் மாஸ்டர் காப்பி. போதாததற்கு, அதன் துண்டுகள் நம்முடைய சொந்த டிஎன்ஏவுக்குள்ளேயே ஆங்காங்கே செருகிக்கொள்கின்றன. மேலுறைப் புரதத்துக்கான கட்டளை இந்த இரண்டு இடத்திலும் இருக்கிறது.

டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் தடுப்பது ஒரே ஒரு வேலையை: புது வைரஸுக்காக டிஎன்ஏவை நகலெடுப்பதை. அதை மிக நன்றாகத் தடுக்கின்றன. உள்ளே போட அரிசி இல்லாததால் நெல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ரத்தத்தில் டிஎன்ஏ 'கண்டறியப்படவில்லை' ஆகிறது. ஈரல் வீக்கம் குறைகிறது, சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது.

ஆனால் உமி செய்யும் வேலைக்கும் டிஎன்ஏ நகலெடுப்புக்கும் சம்பந்தம் இல்லை. மாஸ்டர் காப்பியும், செருகிய துண்டுகளும் அப்படியே இருப்பதால் மேலுறைப் புரதம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. பதர் கொட்டுவது நிற்காது. அதனால் ஹெச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்.

எங்கள் வேலை பாஷையில் சொன்னால், சர்வரில் அந்தக் கெட்ட புரோகிராமின் ஒரு வேலையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அழித்துவிடவில்லை. லாக் ஃபைலில் அது தன் பெயரை எழுதிக்கொண்டே இருக்கிறது. தடுப்பை எடுத்தால் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

அதனால்தான் 'வைரஸ் இல்லை, மாத்திரை எதற்கு' என்பது ஆபத்தான தர்க்கம். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் திரும்ப வருகிறது. சிலருக்கு ஈரல் திடீரென்று கடுமையாக வீங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எப்போது நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதை டெஸ்டுகள் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 2022இல் ஹெபடைடிஸ் பியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பலருக்கு இருப்பதே தெரியாது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். என் தம்பி சாப்பிடுவதும் அந்த மாத்திரைதான்.

பதரே மருந்து

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

காலிக் கூடு தொற்றாது, ஆனால் வெளித்தோற்றம் வைரஸின் மேலுறை. அப்படியென்றால் அதையே ஊசியாகப் போட்டால், நோய் வராமல் அடையாளம் மட்டும் உடம்புக்குத் தெரியுமே? பிளம்பர்க்கும் மில்மனும் 1969இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் குழு, தொற்றுள்ளவர்களின் ரத்தத்திலிருந்து அந்த 22 நானோமீட்டர் உருண்டைகளைப் பிரித்து, வைரஸ் எதுவும் பிழைக்காதபடி பலமுறை சுத்திகரித்துத் தடுப்பூசி செய்தது. அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. களத்தில் தூற்றுகிறபோது நாம் பதரைத் தள்ளிவிட்டு நெல்லை எடுப்போம். அவர்கள் நெல்லைத் தள்ளிவிட்டுப் பதரை எடுத்தார்கள்.

மனித ரத்தத்திலிருந்து எடுப்பதில் பயம் இருந்தது. 1986இல் மேலுறைக்கான மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்து, ஈஸ்டையே காலிக் கூடு செய்ய வைத்தார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்து மனிதருக்கு அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி அதுதான். அந்த இறக்குமதி ஊசி நம் ஊரில் பலருக்கு எட்டாத விலை. 1997இல் ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே இதைச் செய்து, ஷான்வாக்-பி என்ற பெயரில் விலையை இறக்கியது. 2002-03இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கிய அரசுத் திட்டம் 2011இல் நாடு முழுதும் விரிந்தது. இன்று பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியோடு.

பிறந்த அன்றே ஏன்? பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். கதவு திறந்திருப்பது முதல் சில மணி நேரம்.

இந்தக் காலிக் கூடு இப்போது சுமை வண்டியாகவும் ஓடுகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு புரதத் துண்டை அதே ஹெபடைடிஸ் பி கூட்டின்மேல் ஒட்ட வைத்துச் செய்ததுதான் ஆர்21 தடுப்பூசி. ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி, புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் இதற்கு 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை தந்தது. பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியும், வேறு வைரஸின் இதே மாதிரிக் காலிக் கூடுதான்.

இந்தப் பதரைத் திருடிப் பிழைக்கும் ஒன்றும் உண்டு. 1977இல் இத்தாலியில் மாரியோ ரிசெட்டோ கண்டுபிடித்த டெல்டா, அதாவது ஹெபடைடிஸ் டி. அதற்குச் சொந்தச் சட்டை கிடையாது. ஹெபடைடிஸ் பி மேலுறையை மாட்டிக்கொண்டுதான் அது செல்லுக்குச் செல் தாவும். பி இல்லாதவருக்கு டி வராது. ஆகவே பி தடுப்பூசி போட்டவருக்கு டி பயமும் இல்லை.

திண்ணைக்குத் திரும்ப

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு மணி நேரம் அவனுக்குச் சொன்னேன். நெல், பதர் என்றதும் பிடித்துக்கொண்டான்.

"அப்ப மெடிக்கல்ல அவன் பதரைப் பாத்துட்டுதான் என்னைத் தள்ளினானா?"

"ஆமாண்டா. ஆனா பதர் வருதுன்னா விதை எங்கியோ உள்ள இருக்குன்னும் அர்த்தம். அதனால மாத்திரைய விடாத."

கொஞ்ச நேரம் பேசவில்லை. வேலை போனதற்கு என்னிடம் பதில் இல்லை. டிஎன்ஏ கண்டறியப்படாத ஒருவரிடமிருந்து கூட வேலை செய்பவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஒன்றாகச் சாப்பிடுவதால், கை குலுக்குவதால் இது எப்படியும் பரவாது. ஆனால் அந்த மெடிக்கல் படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. அங்கே ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு டிக். எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

அவன் மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார், இன்னும் தெளிவாக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. இப்போது கடலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வளைகுடாச் சம்பளம் இல்லை, ஆனால் இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறான். டாக்டர் சொல்லி அவன் மனைவிக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். நெகட்டிவ். மூன்று ஊசியும் போட்டாகிவிட்டது.

போன ஆவணியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே ஊசி போட்டார்களா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவனே போன் பண்ணினான்.

"ணா, பாப்பாவுக்கு பதர் ஊசி போட்டாச்சு."